நாக்கில்லாப் புலியின் ஊர்

நேபாளத்தின் கீர்த்திபூரில் பாக் பைரவ் கோயிலின் மேல்தளச் சுவரில் வாள்களும் கேடயங்களும் அறையப்பட்டிருக்கின்றன. மழையும் வெயிலும் தின்று கறுத்த இரும்பு. அவை யாருடையவை என்று எங்கள் வழிகாட்டியிடம் கேட்டேன். "கோர்க்காப் படையுடையவை. எங்கள் முன்னோர் அடித்து விரட்டிப் பறித்தவை" என்றார். மறுநாள் காலை நான் தனியாகத் திரும்பி வந்தபோது, அதே முற்றத்தில் வேறொரு வழிகாட்டி வேறொரு குழுவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "தோற்றுப்போன கீர்த்திபூர் வீரர்களின் ஆயுதங்கள் இவை."

இரண்டு விளக்கங்களும் அச்சில் உலவுபவைதான். பயணக் கையேடுகளே இதில் இரண்டு பட்டு நிற்கின்றன. ஆனால் இது சின்ன வேறுபாடு அல்ல. பறித்த வாள்கள் என்றால் அந்தச் சுவர் ஒரு வெற்றிப் பலகை. பறிகொடுத்த வாள்கள் என்றால் அது ஓர் ஊரே தன் தோல்வியைத் தெய்வத்திடம் ஒப்படைத்துவிட்ட இடம். ஒரே இரும்பு, பார்ப்பவர் நிற்க வேண்டிய மனநிலையோ நேரெதிர். இரண்டு வழிகாட்டிகளும் ஐயத்துக்கு இடம் வைக்காமல் சொன்னார்கள். இரண்டு குழுக்களும் தலையாட்டிவிட்டு அடுத்த கோயிலுக்கு நடந்தன. நான் கலந்துகொண்ட அந்த நடைச் சுற்றுலாவைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

நடைச் சுற்றுலாவைத் திறனாய்வுக்கு உட்படுத்த முடியுமா? முடியும், செய்யவும் வேண்டும். அதற்கும் ஒரு நூலுக்கு இருப்பதுபோலக் கட்டமைப்பு உண்டு. எங்கே தொடங்குகிறது, எங்கே நின்று பேசுகிறது, எதை அரை நிமிடத்தில் கடக்கிறது என்பதெல்லாம் யாரோ எடுத்த முடிவுகள். கீர்த்திபூரில் அந்த முடிவுகளுக்குக் கனம் அதிகம். காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் ஏழு நினைவிடப் பகுதிகள் 1979இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டபோது இந்த ஊர் அவற்றில் இல்லை. 2008இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 'கீர்த்திபூரின் இடைக்காலக் குடியிருப்பு' என்று சேர்ந்தது, அங்கேயே நிற்கிறது. பத்தானிலோ பக்தபூரிலோ கிடைப்பதுபோல இங்கே அருங்காட்சியகமோ விரிவான விளக்கப் பலகைகளோ வழி நெடுகக் கிடையாது. வெளியூரிலிருந்து அரைநாள் ஒதுக்கி வருகிறவருக்கு வழிகாட்டியின் வாய்ச்சொல்தான் ஊரின் ஒரே நூல்.

எங்கள் குழுவில் ஆறு பேர். வழிகாட்டி முப்பது வயதை ஒட்டிய கீர்த்திபூர்க்காரர். மகர்ஜன் குலம், அதாவது பள்ளத்தாக்கின் நேவார் மக்களில் உழவர் மரபு. ஏற்பாடு செய்தது காத்மாண்டுவின் ஒரு சிறு நிறுவனம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிந்தது.

முதல் பிழை தொடக்கத்திலேயே நிகழ்ந்தது. காத்மாண்டுவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் குன்று ஊர் இது. குன்றின் மேல் இருக்கிறது என்பது அழகுக்காகச் சொல்லப்படும் விவரம் அல்ல. இந்த ஊர் இருந்ததற்கும் அழிந்ததற்கும் அதுவே காரணம். கோர்க்கா அரசன் பிருத்வி நாராயண் ஷா பள்ளத்தாக்கைக் கைப்பற்ற முனைந்தபோது கீர்த்திபூர் பத்தான் அரசின் கீழ் இருந்தது. பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பைக் கண்காணிக்கும் இந்த மேட்டை விட்டுவிட்டு அவனால் கீழே இறங்க முடியவில்லை. 1757இல் முதல் தாக்குதல். அவனுடைய தலைமைத் தளபதி காலு பாண்டே கொல்லப்பட்டார். அரசனே மயிரிழையில் தப்பினான். 1764இல் இரண்டாவது. அரசனின் தம்பி சூரப்பிரதாப் ஷா அம்பு பட்டு ஒரு கண்ணை இழந்தார். பிறகு நீண்ட முற்றுகை. 1767இல் ஊர் விழுந்தது. ஒரு சின்ன உழவர் ஊர் இருமுறை ஒரு படையைத் திருப்பி அனுப்பியது எப்படி என்ற கேள்விக்கு விடை சரிவில்தான் இருக்கிறது. அடிவாரத்து நயாபஜாரிலிருந்து கற்படிகளில் ஏறுகிறவரின் மூச்சு வாங்கும். அந்த மூச்சுதான் விடை. எங்களையோ வண்டி நேராக மேலே, குளக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. நான்கு மணிநேரத்தில் ஒருவர்கூட அடிவாரத்திலிருந்து குன்றை ஏறவில்லை. மறுநாள் நான் படிவழியே ஏறினேன். முந்தைய நாள் கேட்ட போர்க்கதை அப்போதுதான் கால்களுக்குப் புரிந்தது. வயதானவர்கள் வரலாம், முழங்கால் வலி இருக்கலாம்; அவர்களுக்கு வண்டி இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஏறும் வழியைக் காட்டாதது சோம்பல்.

ஊரின் அமைப்பு எளிது. இரண்டு மேடுகள், நடுவே ஒரு தாழ்வு. வடமேற்கு மேட்டின் உச்சியில் உமாமகேசுவரர் கோயில். தென்மேட்டில் சிலஞ்சோ தூபி. நடுத்தாழ்வில் பாக் பைரவ் கோயிலும் குளமும். குளத்திலிருந்து பாக் பைரவ் முற்றத்துக்குள் நுழைந்ததும் வழிகாட்டி தன் மிகச் சிறந்த கதையைச் சொன்னார். ஆடு மேய்க்கும் சிறுவர்கள் விளையாட்டாகக் களிமண்ணில் ஒரு புலி செய்தார்கள். நாக்கு மட்டும் பாக்கி. நாக்குக்கு ஏற்ற இலை தேடிக் காட்டுக்குள் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஆடுகளைக் காணோம். புலியின் வாயில் ரத்தம். அந்த மண்புலிக்குள் பைரவர் இறங்கியிருந்தார். அதனால்தான் இன்றும் கருவறையில் இருக்கும் புலிக்கு நாக்கு இல்லை.

அவர் இதைச் சொன்ன விதத்தைப் பாராட்ட வேண்டும். நாடகம் கூட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. வீட்டில் கேட்ட கதையை வீட்டில் சொல்வதுபோலச் சொன்னார். மூன்று கூரைகள் அடுக்கிய அந்தக் கோயிலில் வழக்கமான வீரத் தெய்வத்தைப் பார்க்க வந்தவருக்கு, பிள்ளைகள் பிசைந்த மண்ணிலிருந்து எழுந்த ஒரு தெய்வம் கிடைக்கிறது. வாகனம் எதுவும் இல்லாமல் பைரவரே விலங்காக இருக்கிறார். நேவார் சமயத்தில் தெய்வம் எவ்வளவு அருகில், எவ்வளவு ஆபத்தாக இருக்கிறது என்பதை இந்த ஒரு கதை சொல்லிவிடும். அவர் அந்த முடிவுக்கு எங்களை இட்டுச் சென்றாரா என்றால் இல்லை. ஆனால் கதை சிதையாமல் கைமாறியது. ஒரு வழிகாட்டியின் வேலையில் பாதி அது.

அதே முற்றத்தில்தான் மிகப் பெரிய இழப்பும். அங்கே சில கற்சிலைகள் நிற்கின்றன: தாய்த் தெய்வங்கள். இப்போதைய கோயிலைவிடப் பல நூற்றாண்டுகள் பழையவை என்று கலை வரலாற்றாளர்கள் கருதுபவை. கோட்டை கட்டுமுன், மல்ல அரசர்களுக்கு முன், இந்தக் குன்றில் வழிபாடு இருந்ததற்கு அவைதான் சான்று. குங்குமமும் அரிசியும் பூசிய அந்த முகங்கள் முன் எங்கள் குழு நின்றது அரை நிமிடம். அதுவும் ஒருவர் செருப்பு வார் கட்டுவதற்காக. "பழைய சாமி சிலைகள்" என்பதோடு முடிந்தது. ஊரின் காலக்கணக்கு முழுவதும் இந்த முற்றத்தில் அடுக்காகக் கிடக்கிறது: கீழே கல் தாய்மார்கள், நடுவே மண்புலி, மேலே இரும்பு வாள்கள். இந்த வரிசையில் சொல்லியிருந்தால் மற்ற கோயில்களுக்குப் போகாமலே பாதி கீர்த்திபூர் புரிந்திருக்கும். அவர் கண்கள் மேலே வாள்களிலேயே இருந்தன.

வாள்களிலிருந்து பேச்சு மூக்குகளுக்குப் போனது. போகாமல் இருக்க முடியாது. கீர்த்திபூர் என்றாலே வெளியுலகம் அறிந்தது அதைத்தான். ஊர் விழுந்தபின் பிருத்வி நாராயண் ஷாவின் ஆணைப்படி ஊராரின் மூக்குகளும் உதடுகளும் அறுக்கப்பட்டன. நாம் தமிழில் மூக்கறுபடுவது என்று உவமையாகச் சொல்வது இங்கே சதையில் நடந்தது. வழிகாட்டி சொன்னது இது: ஊரில் இருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் அறுத்தார்கள், மொத்தம் 865 பேர், அறுத்த மூக்குகளை நிறுத்தபோது 17 தார்ணி, குழலூதுகிறவர்களை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இதை நான் எடைபோட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சுற்றுலாவின் உச்சமாக வைக்கப்பட்டது இதுவே. இந்தச் செய்தி மூன்று வாய்களின் வழியே நமக்கு வருகிறது. முதலாமவர் அப்போது நேபாளத்தில் இருந்த கப்புச்சின் பாதிரியார் ஜூசெப்பே. அவருடைய குறிப்பு கல்கத்தாவில் 1790இல் ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் தொகுப்பில் வெளிவந்தது. பொதுவாக ஊரார் எல்லோருக்கும் என்பதும், ஊதுகருவி வாசிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு என்பதும் அவர் சொன்னவை. அவர் காலத்தால் மிக அருகில் இருந்தவர். ஆனால் பற்றற்ற சாட்சி அல்லர். கப்புச்சின்கள் மல்ல அரசர்களின் ஆதரவில் இருந்தவர்கள்; கோர்க்கா ஆட்சி வந்ததும் 1769இல் வெளியேற நேர்ந்தது. இரண்டாமவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக 1793இல் வந்த கர்க்பாட்ரிக். தன் மூட்டைகளைச் சுமந்த கூலியாட்களில் மூக்கில்லாதவர்கள் பலர் இருப்பதைக் கவனித்து, விசாரித்து, கீர்த்திபூர்ச் செய்தியை அறிந்ததாக 1811இல் வந்த தன் நூலில் எழுதுகிறார். மூன்றாவது, டேனியல் ரைட் 1877இல் பதிப்பித்த வம்சாவளி. 865 என்ற தொகையும் 17 தார்ணி என்ற எடையும் அங்கிருந்து வருபவை. ஒரு தார்ணி ஏறத்தாழ 2.4 கிலோ, அப்படியானால் ஏறத்தாழ 41 கிலோ.

மூன்றையும் அருகருகே வைத்தால் தெரிவது: 'எல்லோருக்கும்' என்பது ஒருவர் சொன்னது, '865' என்பது வேறொருவர் சொன்னது. எங்கள் வழிகாட்டி இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தைத்துவிட்டார். இரண்டு படைகளைத் திருப்பி அனுப்பிய ஊரில் ஆண்களே மொத்தம் 865 பேர்தானா என்ற கேள்வி உடனே எழ வேண்டும்; எழவில்லை, ஏனென்றால் எண்ணின் துல்லியம் வாயை அடைத்துவிடுகிறது. என் தீர்ப்பில் மூவரில் வலுவான சாட்சி கர்க்பாட்ரிக்தான். அவர் இதைத் தேடி வரவில்லை, கோர்க்கா அரசின் விருந்தினராக வந்தவர், 26 ஆண்டுகளுக்குப் பிறகும் முகங்களைக் கண்ணால் கண்டார். கொடுமை நடந்தது என்பதற்கு அது போதும். தொகையும் எடையும் பிற்காலத் தொகுப்பின் கணக்கு. கொடுமையைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் அவை தேவையில்லை. நேபாளத்தில் இது வெறும் பழங்கதையும் அல்ல. பிருத்வி நாராயண் ஷா நாட்டை ஒன்றிணைத்தவர் என்பது ஒரு தரப்பு; அவர் வெற்றிகொண்டவர், ஒன்றிணைத்தவர் அல்லர் என்பது நேவார் தரப்பு. இந்த வழக்கில் ஒரு கீர்த்திபூர்க்காரர் பேசும்போது அவருடைய மிக வலுவான சான்றை அவரே மிகைகளுக்குள் புதைத்துவிடுகிறார் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இன்னொன்று. மூக்குகளுக்கு இருபது நிமிடம், இரண்டு வெற்றிகளுக்கு மூன்று நிமிடம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஓர் ஊர் தன்னை விருந்தினருக்கு அறிமுகப்படுத்தும்போது தன் காயத்தையே முகமாகக் காட்ட வேண்டுமா? வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்று நிறுவனம் சொல்லக்கூடும். கேட்பவர் கேட்பதை மட்டும் கொடுப்பதற்கு வழிகாட்டி எதற்கு?

உமாமகேசுவரர் கோயிலுக்கு ஏறும்போது குழு களைத்திருந்தது; ஆனால் காட்சி எல்லோரையும் எழுப்பிவிட்டது. உச்சி மேடையிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் விரிகிறது. வானம் தெளிந்த நாளில் வடக்கே பனிமலைகள். படிகளின் இருபுறமும் கல் யானைகள். பிள்ளைகள் ஏறி உட்காராதபடி அவற்றின் முதுகில் கூர்முனைகள் வைத்திருக்கிறார்கள். 1655இல் விசுவநாத பாபு கட்டியது என்று வழிகாட்டி சொன்னார். அதோடு மணியைக் காட்டினார்: 1895இல் இங்கிலாந்தில் குராய்டன் நகரத்துக் கில்லட் அண்ட் ஜான்ஸ்டன் பட்டறையில் வார்த்தது. குழுவுக்கு இது மிகவும் பிடித்திருந்தது, எனக்கும்தான். ராணாக் குடும்பம் ஆண்ட, வெளியாருக்குக் கதவடைத்த ஒரு நாட்டின் குன்றுக் கோயிலில் குராய்டன் மணி! இந்த இடத்தில் அவர் சரியான பொருளின் முன் சரியான நேரம் நிறுத்தினார்.

குறை வேறிடத்தில். "முந்நூற்று ஐம்பது ஆண்டுக் கோயில்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 1934 நிலநடுக்கத்தில் இந்தக் கோயில் பெரிதும் சேதப்பட்டது. அதற்கு முன் நான்கு கூரைகள் இருந்தன என்பது வழக்கு, இப்போது மூன்று. அதைச் சொன்னால் கோயிலின் மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சியிருப்பார். உண்மையில் கூடும். நேவார் கட்டடக் கலை பழுதுபார்ப்பதையே இயல்பாகக் கொண்டது. சுட்ட செங்கல், இடையில் மண் சாந்து, சால் மரத்தில் தூண்களும் உத்திரங்களும், கூரையைத் தாங்கும் சாய்ந்த செதுக்குக் கட்டைகள், மேலே மண் படுகையில் பதித்த ஜிங்கட்டி என்னும் சிற்றோடுகள். அந்த மண்ணில் புல் முளைக்கும், நீர் இறங்கும், உத்திரம் உளுக்கும். சில தலைமுறைகளுக்கு ஒருமுறை பிரித்து, உளுத்ததை மாற்றி, நல்லதைத் திரும்பப் பூட்டித்தான் இந்தக் கோயில்கள் நிற்கின்றன. மரத்தின் வயதைக் கோயிலின் வயதாக எடுத்துக்கொள்வது வேறு மரபின் அளவுகோல். 2015 ஏப்ரலில் பள்ளத்தாக்கு குலுங்கியபோது அருகிலுள்ள புங்கமதியில் மச்சிந்திரநாதர் கோயில் தரைமட்டமானது. கீர்த்திபூர் அதன் குன்றின் மேல் ஒப்பளவில் தப்பித்தது. இந்த உச்சியில் நின்று அதை ஒரு வார்த்தை சொல்லாமல் போனது, படம் எடுக்க வசதியான இடத்தைக் காட்டவே நேரம் போதாமல் இருந்ததால்.

பிறகு தென்மேடு. பன்னிரண்டரை மணி வெயில். வழிகாட்டி வழியிலேயே ஒரு சூத்திரம் சொன்னார்: வடக்கே இந்துக்கள், தெற்கே பௌத்தர்கள், நடுவில் பாக் பைரவர் இருவருக்கும் பொது. இது பல கையேடுகளிலும் உள்ள சூத்திரம். நினைவில் நிற்க எளிது. கோயில்களின் இருப்பிடம் பற்றி இதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் மனிதர்களைப் பற்றி இது தவறான படத்தைத் தருகிறது, அதுவும் மிக நுட்பமான ஓர் ஏற்பாட்டின்மேல் சுண்ணாம்பு அடித்துவிடுகிறது. நேவார் வீடுகளில் கேட்கப்படும் கேள்வி நீ எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்பதல்ல. உன் வீட்டுச் சடங்குகளைச் செய்பவர் யார் என்பது. பௌத்தக் குருவான வஜ்ராச்சாரியர் வந்தால் அது புத்தமார்க்க வீடு. ராஜோபாத்தியாயப் பிராமணர் வந்தால் சிவமார்க்க வீடு. அந்த எல்லைக்கு வெளியே எவரும் எங்கும் கும்பிடலாம், கும்பிடுகிறார்கள். சிலஞ்சோ தூபிக்கு அரிசி தூவும் அதே பெண் பைரவருக்குச் சேவல் கொண்டுபோகிறாள். சிலஞ்சோவின் பக்கத்திலேயே நிற்கும் லோஹன் தேகஃ, பெயரிலேயே 'கற்கோயில்', இருதரப்பும் வணங்கும் இடம். சூத்திரத்தை உடைக்கும் கட்டடம் கண்ணெதிரே நிற்க, வழிகாட்டி அதன் சிகரப் பாணியைப் பற்றி மட்டும் சொல்லி நகர்ந்தார்.

சிலஞ்சோ பள்ளத்தாக்கின் மிக அமைதியான பௌத்த முற்றங்களில் ஒன்று. பெரிய தூபியைச் சுற்றி நான்கு மூலைகளிலும் நான்கு சிறு தூபிகள். சுற்றிலும் விகாரைக் கட்டடங்கள், வீடுகள், காயப்போட்ட நெல். 1515ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று ஜகத்பாலன் என்பவரின் பெயரை இதனோடு சேர்க்கிறது. உமாமகேசுவரரை விட ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு மூத்த இடம். இங்கே பத்து நிமிடம் கொடுத்தார்கள். பசி வந்துவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. வரிசையைத் திருப்பிப் போட்டு, காலைக் குளிரில் தென்மேட்டில் தொடங்கியிருந்தால் இந்த அநியாயம் நடந்திருக்காது. எந்த இடம் கடைசியில் வருகிறதோ அது களைப்பைத்தான் பெறும். சுற்றுலா வகுப்பவர்களுக்கு இது தெரியாததல்ல.

சொல்லப்படாதவற்றில் எனக்கு மிகவும் உறுத்துவது நிலம். உச்சியிலிருந்து கீழே பார்த்தால் திரிபுவன் பல்கலைக்கழகத்தின் பரந்த வளாகம் தெரியும். "நாட்டின் மிகப் பெரிய பல்கலைக்கழகம், 1959இல் தொடங்கியது" என்று பெருமையோடு காட்டினார். அது கீர்த்திபூர் உழவர்களிடமிருந்து கையகப்படுத்தப்பட்ட வயல்களின் மேல் எழுந்தது. மகர்ஜன்களின் இந்த ஊரில் 18ஆம் நூற்றாண்டில் முகம் போனது, 20ஆம் நூற்றாண்டில் வயல் போனது. முதலாவதை இருபது நிமிடம் பேசிய ஒருவர் இரண்டாவதைப் பேசவில்லை. பேசினால் சுற்றுலா அரசியலாகிவிடும் என்ற தயக்கம் இருக்கலாம். ஆனால் உழவர்களின் ஊர் என்று சொல்லிக் கோயில்களைக் காட்டும்போது, வயல் எங்கே என்று ஒரு பார்வையாளர் கேட்பது நியாயம். கோயில் விழாக்களுக்கு நெல்லும் ஆளும் கொடுத்தது அந்த நிலம்தானே.

அடிவாரத்தில் தாய்லாந்துப் பாணியில் ஒரு தேரவாத விகாரை இருக்கிறது, நகர மண்டப கீர்த்தி விகாரை. வண்டியில் அதைக் கடந்தோம், "புதியது" என்றார். புதியதுதான். ஆனால் 1944இல் ராணா ஆட்சி எட்டு பிக்குகளை நாடு கடத்தியது என்பதையும், அந்தத் தேரவாத இயக்கமே பிறகு திரும்பி வந்து நேவார்களிடையே வேரூன்றியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் புதுமைக்கும் ஒரு வரலாறு உண்டு. பழையது மட்டுமே பார்க்கத் தகுந்தது என்ற எண்ணம் வழிகாட்டியுடையது அல்ல, சுற்றுலாத் தொழிலுடையது. அவர் அதை இரவல் வாங்கியிருக்கிறார்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் அந்த நான்கு மணிநேரத்தில் எதனோடும் ஒப்பிட முடியாத ஒரு கால் மணிநேரம் இருந்தது. தென்மேட்டிலிருந்து இறங்கும் வழியில் ஒரு பாட்டியில், அதாவது தெருவோரத் திண்ணை மண்டபத்தில், நிழலுக்காக உட்கார்ந்தோம். நேபாளியில் பாட்டி என்றே சொல்கிறார்கள். நம் காதுக்கு அது வேறொன்றாகக் கேட்கும். அங்கே ஹக்கு பட்டாசி கட்டிய ஒரு முதியவள் இருந்தாள். கறுப்புப் புடவை, சிவப்புக் கரை. எங்கள் வழிகாட்டி "அஜி" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நேவார்களின் மொழியான நேபாள பாஷையில் அஜி என்றால்தான் நம் பாட்டி. அவளோடு நேபாள பாஷையில் பேசிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். தன் வீட்டில் தறி இருந்ததையும், தன் அஜி நெய்த துணியில்தான் தனக்கு முதல் சோறு ஊட்டியதையும், இந்திராயணி யாத்திரையன்று அடுப்படியில் எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்பதையும் சொன்னார். திமே என்னும் பெரிய மேளத்தைப் பிடிக்கத் தொடங்கும் சிறுவன் முதலில் கையில் அல்ல, வாயில்தான் தாளம் கற்க வேண்டும் என்று வாயால் அடித்துக் காட்டினார். முதியவள் பிழை திருத்தினாள். அவர் வெட்கப்பட்டுத் திரும்ப அடித்தார்.

அந்தக் கால் மணிநேரத்தில் ஆண்டு எதுவும் இல்லை, எடை எதுவும் இல்லை. ஆனால் அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவரே சாட்சி. காலையில் வாள்களைப் பற்றிப் பேசிய குரலும் இதுவும் ஒரே ஆளுடையவை என்று நம்பக் கடினமாக இருந்தது. அங்கே மனப்பாடம், இங்கே வாழ்க்கை. ஊர்க்காரரையே வழிகாட்டியாக வைப்பதன் பயன் என்ன என்று யாரேனும் கேட்டால் நான் இந்தத் திண்ணையைத்தான் காட்டுவேன். நிறுவனத்தின் திட்டத்தில் அது இல்லை; வெயில் கொடுத்தது.

மதியச் சாப்பாடு சுற்றுலாவின் பகுதியாகவே இருந்தது: அவல், உளுந்தை அரைத்துத் தட்டிய வோ, அரிசி மாவில் சத்தாமரி, காரமான சோய்லா இறைச்சி. சுவை நன்றாக இருந்தது. இதே வோவும் அவலும் பைரவருக்கும் படைக்கப்படுபவை, இதே தட்டு விழா நாளில் சமய்பஜியாகத் தெய்வத்தின் முன் வைக்கப்படுவது என்பதை யாரும் சொல்லவில்லை. உணவு தனி, கோயில் தனி என்று பிரித்து வைத்தது இன்னொரு தவறவிட்ட வாய்ப்பு.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் தனியாகப் போனபோது பாக் பைரவ் முற்றம் வேறு இடமாக இருந்தது. செவ்வாயும் சனியும் அங்கே பலி நாட்கள். வரிசையில் சேவல்கள், பூத்தட்டுகள், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, பஜனை பாடும் முதியவர்கள். ரத்தமும் சாம்பிராணியும் கலந்த வாடை. கல் தாய்மார்களின் முன் பெண்கள் நின்று நெற்றியைத் தொட்டார்கள். முந்தைய நாள் பத்தரை மணிக்கு நாங்கள் பார்த்தது காலி அரங்கு. ஒரு கோயிலை வழிபாடு முடிந்து கழுவிவிட்ட பிறகு காட்டுவது பார்வையாளருக்குச் சங்கடம் இல்லாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் இருக்கலாம். ஆனால் அதனால் பைரவர் வெறும் சிற்பமாகிவிடுகிறார், வாள்கள் அவரைவிடப் பெரிதாகிவிடுகின்றன. பலி பார்க்க மனமில்லாதவர் குளக்கரையில் நிற்கலாம். கோயில் உயிரோடு இருக்கிறது என்பதை அங்கிருந்தும் கேட்க முடியும்.

என் தீர்ப்பு இது. இந்த நடைச் சுற்றுலா போகத் தகுந்தது. ஆனால் அதன் திட்டத்துக்காக அல்ல, அதை நடத்தும் மனிதருக்காக. புலிக்கதையும், குராய்டன் மணியும், திண்ணையும் அவருடைய வெற்றிகள். வாள்களை ஒரே விளக்கத்தில் அடைத்ததும், இரண்டு சாட்சிகளை ஒன்றாகத் தைத்து மூக்குகளின் எண்ணிக்கையைச் சொன்னதும், வடக்கு தெற்குச் சூத்திரமும், சிலஞ்சோவுக்குக் கொடுத்த பத்து நிமிடமும் தோல்விகள். இவற்றில் முதல் மூன்றையும் அவர் ஒரே மாலையில் திருத்திக்கொள்ள முடியும். கீர்த்திபூரைப் பற்றிய ஆய்வுகள் இல்லாமல் இல்லை. மெஹர்தாத் ஷொகூஹியும் நடாலி ஷொகூஹியும் 1994இல் தொகுத்த நூல் இந்த ஊரைப் பற்றியே முழுதாக எழுதப்பட்டது. நான்காவதைத் திருத்த நிறுவனம் ஒரு மணிநேரம் முன்னதாக வண்டியை எடுத்தால் போதும்.

நீங்கள் போவதாக இருந்தால் செவ்வாய் அல்லது சனிக்கிழமை விடியற்காலையில் போங்கள். நயாபஜாரில் இறங்கிப் படிவழியே ஏறுங்கள். ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். முதலில் தென்மேட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். பாக் பைரவ் முற்றத்தில் நிமிர்ந்து பார்க்கும்முன் குனிந்து அந்தக் கல் தாய்மார்களைப் பாருங்கள். வாள்கள் யாருடையவை என்று அவரிடம் கேளுங்கள். அவர் ஒரு பதில் சொன்னதும், இன்னொரு பதிலும் இருக்கிறதாமே என்று கேளுங்கள்.